மாமா தொடமாட்டேன் என்ற சிங்கம்

முசரவாக்கம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

கர்த்தருக்குள் பெரியவரும், அரக்கோணம் சபையில் புதிதாக மூப்பர் ஆனவரும், எங்கள் அம்மா வடிவுக்கு ஒரே அண்ணனுமாகிய ஜான்சன் மாமா அவர்களுக்கு, தங்கை மகள் இளவரசி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மா, நதியா அக்கா, நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் சுகர் மாத்திரையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இந்தக் காலத்தில் யார் தபால் போடுகிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். குடும்ப குரூப்பை விட்டு வெளியேறி, என்னை பிளாக் செய்து, அம்மாவின் போனையும் எடுக்காத ஒருவருக்கு வேறு எப்படிப் பேசுவது மாமா? பேனா பிடித்து விரல் வீங்கிவிட்டது. அந்தப் பாவமும் உங்கள் கணக்கில்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பாதியில் ஓடிவிட்டீர்கள். அப்பா இல்லாத வீடு, நதியாவின் கையைப் பிடித்து நான்தான் கோயிலுக்குள் கூட்டி வருவேன், கல்யாணப் பட்டும் என் கையால்தான் கொடுப்பேன், உங்க ஊரிலேயே நெய்யச் சொல்லுங்க, டிசைன் உங்க இஷ்டம் என்று சொன்னது நீங்கள். அக்கா டிசைனை என்னிடம் விட்டுவிட்டது. என்னிடம் விட்டால் வேறென்ன வரும்? என் போன் வால்பேப்பர் சிங்கம், டீ-சர்ட் சிங்கம், என் சேனல் பெயரே ‘யூதாவின் கர்ஜனை’. பைபிள் காலேஜ் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. ஏனாத்தூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனிலேயே தேடித் தேடி, வேதத்தில் சிங்கம் எங்கே எதற்கு வருகிறது என்று நானே கற்றுக்கொண்டவள். சந்தன நிறப் புடவை, முந்தியில் ஜரிகையில் யூதா கோத்திரத்துச் சிங்கம், அதாவது நம் ஆண்டவரேதான். அப்படி ஒரு புடவையை யாரும் கட்டியிருக்க மாட்டார்கள் என்று பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் குமாரவேல் அண்ணனிடம் போனேன்.

அவர் கேட்டார், “உங்க சாமிக்கும் சிங்கம்தான் வாகனமாம்மா?”

“வாகனம் இல்லண்ணா. சாமியே சிங்கம்.”

“அப்ப நரசிம்மர்னு சொல்லு.”

அதற்கு மேல் விளக்கினால் பஸ் போய்விடும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அங்கேதான் கோளாறு. எங்கள் ஊரில் சிங்கம் என்றால் திருவிழாவில் சாமியைச் சுமந்து வரும் சிம்ம வாகனம்தான். அவர் வீட்டில் காலகாலமாக இருக்கிற சிங்க டிசைனும் அதுவே. பிதுங்கின கண்ணு, தொங்குற நாக்கு, வெளியே நீட்டின கோரைப்பல்லு, சுருள் சுருளாகப் பிடரி. அவர் வரைந்து கொடுத்த அந்தப் படத்தை ஆசையாகக் குரூப்பில் போட்டேன். நீங்கள் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. “பிசாசு சிங்கமாட்டம் சுத்திக்கினு இருக்கிறான்னு பேதுரு சொல்றாரு. நான் இப்ப மூப்பர். அந்தப் புடவைய என் கையால தொடமாட்டேன், அதக் கட்டுன பொண்ணு கையையும் புடிக்கமாட்டேன்.” அப்புறம் குரூப்பில் ‘ஜான்சன் வெளியேறினார்’ என்று வந்தது. அக்கா அன்றைக்கு ஆரம்பித்த அழுகைதான், இன்னும் ஓயவில்லை.

மாமா, மூப்பர் ஆவதற்கு ஒரே ஒரு வசனம் தெரிந்தால் போதுமா? பேதுரு பிசாசைச் சிங்கத்தோடு ஒப்பிட்டார் என்பதற்காக உலகத்துச் சிங்கமெல்லாம் பிசாசாகிவிடுமா? ஆண்டவருடைய வருகை திருடன் வருவதுபோல் இருக்கும் என்றும்தான் எழுதியிருக்கிறது. அன்றைக்கு நீங்கள் ரயில்வே போலீசுக்கு போன் போடுவீர்களா? யாக்கோபு சாகும்போது யூதாவைக் கூப்பிட்டுச் சிங்கக்குட்டி என்று ஆசீர்வதித்தாரே, பெத்த பிள்ளையைப் பிசாசு என்று திட்டினாரா? சாலொமோன் சிம்மாசனத்துப் படியில் இரண்டு பக்கமும் சிங்கம் நின்றது. நீங்கள் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் ராஜாவைப் பார்க்காமல் வாசலோடு திரும்பியிருப்பீர்கள். சிம்சோனுக்குத் தேன் கிடைத்தது செத்த சிங்கத்தின் உடம்பில், உங்களுக்கு ஆகாதுதான், சுகர். சொன்ன பேச்சு கேட்காத ஒரு தீர்க்கதரிசியை வழியில் ஒரு சிங்கம் அடித்துப் போட்டதே, அது பிணத்தையும் தின்னவில்லை, பக்கத்தில் நின்ற கழுதையையும் தொடவில்லை. சொன்ன வேலையை மட்டும் செய்துவிட்டு அங்கேயே நின்னுக்கினு இருந்துச்சு. இப்படி ஒரு ஊழியர் உங்கள் ரயில்வேயில் உண்டா? இன்னொன்று, மாசம் பிறந்தால் நீங்கள் எடுக்கிற சம்பள நோட்டு ஒவ்வொன்றிலும் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. அதை என்றைக்காவது அப்பாலே போ சாத்தானே என்று தள்ளியிருக்கிறீர்களா?

இதெல்லாம் வீட்டில் யாருக்குப் புரிகிறது. எப்படியாவது உங்களைத் திரும்ப வரவைக்க வேண்டும் என்று ஆளாளுக்கு என் சிங்கத்தின் மேல் கை வைத்தார்கள். நாக்கு தொங்கினால் கோயிலுக்கு மரியாதை இல்லை என்றார் எங்கள் போதகர். நாக்கு போச்சு. பல்லைப் பார்த்தால் அண்ணன் பயப்படும் என்றது அம்மா, பயப்படும்னா நீங்கள் என்ன கைக்குழந்தையா, சரி, பல்லு போச்சு, வாய் மூடிக்கொண்டது. கண்ணு திருஷ்டி பொம்மை மாதிரி இருக்குது என்றார் மாப்பிள்ளையின் அம்மா மணியம்மாள் அத்தை, கண்ணைச் சுருக்கினோம். என் தோள்மேல நகம் வேணாம்பா என்றது அக்கா. நகத்தை எடுத்துக் காலைக் குச்சியாக்கினோம். பிடரியை மட்டும் யாரும் தொடவில்லை. அதை நீளமாக, காத்தில் பறக்கிற மாதிரி போடுங்கண்ணா என்று நான் கேட்டதற்கு, தறியில் சுருள்தான் நிக்கும், பறக்காது என்று குமாரவேல் அண்ணன் அந்த நீளத்துக்கும் சுருளாகவே போட்டு முடித்துவிட்டார். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் காட்டியபோது எனக்கு அது சிங்கமாகவேதான் தெரிந்தது. நேற்று புடவை வீட்டுக்கு வந்தது. பிரித்தோம். மாமா, முந்தி முழுக்க ஆடு. சாதுவாக, உடம்பெல்லாம் சுருள் முடியோடு, வாயை மூடிக்கொண்டு வரிசையாக நிற்கிறது.

குமாரவேல் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு முந்தியைக் காட்டினேன். “நீங்க எடுக்கச் சொன்னதெல்லாம் எடுத்துட்டேன்மா. மிச்சம் இன்னா இருக்குதோ அதான் இது” என்றார். பக்கத்து வீட்டு முனுசாமி எட்டிப் பார்த்துவிட்டு, “கல்யாணத்துல பிரியாணின்னு பொடவையிலயே போட்டுட்டீங்களாபா” என்றார். அண்டசராசரத்தையும் ஜெயித்த ராஜாவை உங்கள் ஒரு வாய்ஸ் மெசேஜ் பிரியாணி ஆக்கிவிட்டது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கே போய்ப் பல்லு, நாக்கு, நகம் எல்லாம் சேர்த்து வேறு புடவை நெய்யச் சொல்லப்போகிறேன். அதை நீங்கள் வந்து தொட்டுத்தான் ஆக வேண்டும். வராவிட்டால் அக்காவின் கையை நானே பிடித்துக் கூட்டிப் போவேன், என் சிங்க டீ-சர்ட்டில். தானியேலுக்காகச் சிங்கங்களின் வாயைக் கட்டினவர் உங்கள் வாயையும் கொஞ்ச நாள் கட்டி, உங்களையும் அத்தையையும் சகல சுகத்தோடும் காப்பாராக. ஆமென்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மிகவும் கோபமாக இருக்கும்
இளவரசி

பி.கு.: மாமா, மேலே உள்ளதைப் படிக்காதீர்கள். படித்துவிட்டால் கிழித்துப் போடுங்கள். கவர் ஒட்டப் போனேன். அக்கா புடவையை மடியில் வெச்சிக்கினு அந்த ஆட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. “ஆடு நல்லாத்தான்டி இருக்குது. மாமாதான் வரமாட்டாரு” என்றது. இல்லை, சிங்கம்தான் சரி என்று காட்ட வெளிப்படுத்தல் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தேன். என் வால்பேப்பர் வசனம் அதுதான். யோவான் அழுகிறார். அழாதே, இதோ யூதாவின் சிங்கம் ஜெயித்துவிட்டது என்று சொல்லப்படுகிறது. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த வசனத்தை இன்றைக்குத்தான் படித்தேன். யோவான் திரும்பிப் பார்க்கிறார், அங்கே சிங்கமே இல்லை. சிங்கம் என்று சொன்ன இடத்தில் அடிபட்ட ஒரு ஆட்டுக்குட்டி நிற்கிறது. அதிகாரம் முடியும் வரை தேடினேன், சிங்கம் திரும்ப வரவே இல்லை. பல்லும் நகமும் எடுத்த வேலை நமக்கு முன்னாடியே அங்கே நடந்திருக்குது.

வேறு புடவை நெய்யச் சொல்லப்போவதில்லை. நீங்கள் சிங்கம் வேண்டாம் என்றீர்கள், புடவையில் சிங்கம் இல்லை. நான் சிங்கம்தான் வேண்டும் என்றேன், அந்தச் சிங்கம்தான் ஆடாக நிற்கிறது. ஒரு ஆள்தான் குறைகிறது மாமா. அங்கே யோவானை அழாதே என்று சொன்னது சிங்கமும் இல்லை, ஆடும் இல்லை, மூப்பர்களில் ஒருவர். அக்கா இன்னும் அழுதுக்கினு இருக்குது. நான் சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. நான் மூப்பர் இல்லையே. என்னை பிளாக்கிலேயே வைத்திருங்கள், பரவாயில்லை. கடிதம் கிடைத்த மறுநாள் காலை ரயிலுக்கு வந்துவிடுங்கள்.