என் இரண்டு கைகளைத் தவிர அனைவரும் நலம்

பேரன்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இரண்டு கைகளைத் தவிர அனைவரும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த வாரம் நம் பொடிசுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்து கூட இருக்கப்போவதாகச் சொன்னாய். தாராளமாக வா. ஆனால் வாசற்படி ஏறும் முன்பே ஒரு சத்தியம் செய்து தரவேண்டும். என் மகளுக்கு நீ பட்டன் மாட்டிவிடக் கூடாது, டப்பா திறந்து கொடுக்கக் கூடாது, வாயில் ஊட்டக் கூடாது. லேஸே இல்லாத ஒட்டு ஷூ, பட்டனே இல்லாத கவுன் என்று போன தடவை பை நிறைய வாங்கி வந்தாயே, அதுவும் கூடாது. கோபித்துக்கொள்ளாதே. தன் வேலையைத் தன் விரலால் செய்யத் தெரியாவிட்டால் மறுபடியும் சின்னப் பிள்ளைகள் வகுப்பிலேயே உட்காரவைப்போம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கூட்டாளிகள் எல்லோரும் அடுத்த வகுப்புக்குப் போக, இவள் மட்டும் அங்கேயே.

அதற்காகத்தான் ஆக்குபேஷனல் தெரபிக்கு அழைத்துப் போகிறோம். பிஞ்சு விரல்களுக்கு வலுவும் பழக்கமும் வருவதற்கான பயிற்சி. சொல்லித்தருபவருக்குப் பொடிசு வைத்த பெயர் விரல் டீச்சர். களிமண்ணுக்குள் மணிகளை ஒளித்துவைத்துத் தோண்டி எடுக்கச் சொல்வார், துணி கிளிப்பை அட்டையில் மாட்டச் சொல்வார். அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு மணியைத் தோண்டுவதற்குள் என் கை தானாக நீண்டுவிடும். ஒரு நாள் எல்லா மணிகளையும் நானே தோண்டி வரிசையாக அடுக்கிவிட்டேன். விரல் டீச்சர் பார்த்தார். "சார், உங்க விரல்ல ஒரு குறையும் இல்ல. வீட்டுலயும் இதே கதைதானா?" என்றார். என் மனைவி போட்டுக்கொடுத்துவிட்டாள். "வீட்டுல இன்னும் மோசம் மேடம். காதுல போனை இடுக்கிக்கிட்டே பட்டனை மாட்டிவிட்டுட்டு ஓடிடுவாரு. அவளைத் தொடவே விடமாட்டாரு."

வைத்தியம் எனக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. தினமும் காலையில் வீட்டில் அவள் பயிற்சி செய்யும் நேரத்தில், அடுப்பிலிருந்து சூடு பாத்திரம் இறக்கும் மொத்தமான கையுறைகளை நான் போட்டுக்கொள்ள வேண்டும். கழற்றி எறிந்துவிடாதபடி மனைவி அதை மணிக்கட்டில் லேஸால் கட்டுவாள். அவிழ்த்துவிட வேண்டியது பொடிசு. அதுவும் ஒரு பயிற்சியாம்.

அன்றிலிருந்து என் பாடு பெரும்பாடு. கூரியர்காரர் வந்தார், தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளித் திறந்தேன், கையெழுத்துக் கேட்டார், கையுறையைக் காட்டினேன், "அடி பலமோ சார்?" என்று பரிதாபப்பட்டுப் பார்சலை என் அக்குளில் செருகிவிட்டுப் போனார். மேனேஜர் போன் செய்தார், மூக்கால் தேய்த்தேன், லைன் கட்டாகிவிட்டது, மறுபடி அடித்தார், மறுபடி மூக்கு, இந்த முறை அது வீடியோ கால், என் மூக்குத் துவாரங்களை மனிதர் முழுசாகத் தரிசித்துவிட்டார். பொடிசு விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டைப் பட்டனை மேலும் கீழுமாக மாட்டத் தொடங்கிவிட்டாள். ஆனால் என் லேஸ் முடிச்சு மட்டும் வசப்படவில்லை. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, முடிச்சை நோண்டிக்கொண்டே கதை சொல்லச் சொல்வாள். "இன்னும் வரலப்பா" என்பாள். ஒரு வழியாக அது அவிழ்வதற்குள் தினமும் ஆபீசுக்குத் தாமதம். மேனேஜர் முறைக்கிறார். முறைக்கட்டும். அவளாக அவிழ்க்கும்வரை நான் அசைவதாக இல்லை. ஆகவே நீயும் உன் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் ஆசி எங்கள் மூவருக்கும் என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத உன் தம்பி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மேஜைமேல் போன் அடித்தது. எடுக்கப் போனேன். பொடிசு ஓடிவந்து என் கைகளில் கையுறைகளை மாட்டி, லேஸைச் சுற்றி, முடிச்சு போட்டு, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

"இதெல்லாம் எப்ப கத்துக்கிட்ட?"

"எப்பவோ."

"அப்ப ஏன் அவுக்க வரலன்னு சொன்ன?"

"அவுத்தா போனை எடுத்துடுவீங்கல்ல?"

அப்படியே உட்கார்ந்து அவளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தேன், அக்கா. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கதையை முடித்த பிறகுதான் அவிழ்த்துவிட்டாள். மேலே போட்ட நிபந்தனைகளை எல்லாம் அடித்துவிடு. ஒட்டு ஷூ வாங்கி வந்தாலும் சரி, ஊட்டினாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கையுறையில் பஞ்சு வெளியே வர ஆரம்பித்துவிட்டது. வரும்போது புதிதாக ஒரு ஜோடி வாங்கி வா.