காந்தத்துக்குக் கண் பட்ட கதை

மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணா அவர்களுக்கு, தங்கை எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் அவருடைய முட்டிவலியும் சௌக்கியம். அங்கே தாங்களும் அண்ணியும் தங்கள் கோபமும் சௌக்கியமாக இருப்பதை நேற்றுத் தொலைபேசியிலேயே தெரிந்துகொண்டேன்.

தாங்கள் இட்ட கட்டளைப்படி எழுதுகிறேன். "சின்னவளுக்கு பேங்க்ல கம்ப்யூட்டர் வேலை கையில இருக்கு. அதை விட்டுட்டு, நீ வேலை பார்த்த அந்த அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடத்துலதான் புரோகிராம் எழுதுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். அப்பன் சொன்னா கேக்கமாட்டா, அத்தை சொன்னா கேப்பா. நீ அங்க பட்ட பாட்டையெல்லாம் ஒண்ணுவிடாம எழுதி அனுப்பு, ஹாஸ்டலுக்குப் போய் நானே படிச்சுக் காட்டுறேன்" என்றீர்கள். எழுதுகிறேன். கேட்டு முடித்ததும் பெண் பேங்கைப் பார்த்து ஓடவில்லை என்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். இன்னொன்று, இந்தத் 'தாங்கள்' எல்லாம் இத்தோடு சரி. கை வலிக்கிறது. சின்ன வயதில் என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய ஆளுக்கு 'நீ' போதும்.

முதல் பாடு, நாற்காலி. ஆராய்ச்சிக்கூடம் என்றால் வெள்ளை அங்கி, பளபளக்கும் தரை என்று கனவு கண்டுகொண்டு போனேன். எனக்குக் கிடைத்தது, நாள் முழுக்கத் தண்ணீர் பம்பு உறுமும் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு சக்கரம் போன நாற்காலி. இடப்பக்கம் சாய்ந்தே உட்கார்ந்து பழகி, இன்றைக்கும் போட்டோவில் எல்லாம் சாய்ந்தே நிற்கிறேன். வேலை என்னவென்றால், பூமிக்கடியில் வட்டமாக ஒரு குழாய். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கூட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடும். அந்த ஓட்டத்துக்குப் பெயர் பீம். அது வழி தவறாமல் வளைந்து போகக் குழாய் நெடுக காந்தங்கள். அந்தக் காந்தங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டிகளிடம் 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதை எழுதியவர் ஒரு விஞ்ஞானி, மகா மேதை, பெயர் வைப்பதில் மட்டும் சோம்பேறி. தன் பிள்ளைகளின் பெயரையே உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது பையனை அழித்தால் மொத்தக் காந்தமும் நின்றுவிடும். ஓர் இடத்தில் 'இதைத் தொடாதே' என்று மட்டும் எழுதியிருந்தது. ஏன் என்று எழுதவில்லை. தொட்டேன். ஏன் என்று தெரிந்தது. அன்று மத்தியானம் வரை கட்டடமே என்னைத் தேடியது, நான் பம்பு அறையில் ஒளிந்திருந்தேன். சொந்தக்காரர்கள் நடுவில் மானம் போனது தனிக்கதை. 'பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறா' என்று அம்மா வாய்விட்டதும், சித்தப்பா கெட்டுப்போன பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாரே, மறந்துவிட்டாயா?

இரண்டாவது பாடு, நல்லது செய்யப் போனது. கண்ட்ரோல் ரூமில் ஒருவர் இருந்தார். பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு இமைக்காமல் திரையைப் பார்ப்பதால் அவருக்கு ஆந்தை என்று பெயர். விஞ்ஞானிகள் ஒருவர் மாற்றி ஒருவர் "பீம் இருக்கா?" என்று அவருக்குப் போன் போடுவார்கள். "இருக்கு, இருக்கு, எங்கயும் ஓடிப்போயிடல" என்று சொல்லிச் சொல்லி மனுஷனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாவமாக இருந்ததா, நானாக ஒரு திரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் தன் மேசையிலேயே திறந்து பார்க்கலாம். பீம் இருந்தால் பச்சைக்கோடு மேலே, போனால் கீழே. ஆஹா ஓஹோ என்று பாராட்டு! மாடியிலிருந்து தாடிக்கார விஞ்ஞானி ஒருவர் இறங்கி வந்து கை கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் பீம் பொத்தென்று செத்துவிடும். குழாயில் மறுபடி துகள்களை நிரப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்போது பீமை வைத்து ஆராய்ச்சி செய்வது தாடிக்காரரின் முறை. வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய முறை, போனால் திரும்பக் கிடைக்காது. பம்பைச் சந்தேகப்பட்டார்கள், லிஃப்டைச் சந்தேகப்பட்டார்கள், தரை துடைக்கும் இயந்திரத்தைக்கூட நிறுத்திப் பார்த்தார்கள். கடைசியில், 'இங்க புதுசா வந்தது எது?' என்று பேச்சு எழுந்தது. புதிதாக வந்தவள் நான்தான், வேலைகூட இன்னும் நிரந்தரமாகவில்லை.

அப்போது உனக்குத்தான் போன் செய்து அழுதேன். "கோடு நல்லாத்தான் ஏறுது அண்ணா, எல்லாரும் பாக்குறாங்க, உடனே விழுந்துடுது" என்றேன். "எத்தனை பேர் பாக்குறாங்க?" என்றாய். "கட்டடமே பாக்குது." "அப்ப கண்ணு பட்டிருக்கும் போ. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தால் இல்லை அண்ணா. நீ சொன்னதுதான் உண்மை! பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்காகவும் என் புரோகிராம் தனித்தனியாக ஓடிப்போய்ப் பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைச் சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொண்டு 'எப்படி இருக்கீங்க, எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் அவர் பதில் சொல்வாரா, மூச்சு விடுவாரா? பெட்டி பதில் சொல்லியே மூர்ச்சையானது. காவலுக்கு இருந்த கருவி 'ஆள் போய்விட்டார்' என்று காந்தத்துக்குப் போகும் மின்சாரத்தை அணைத்துவிட்டது, பீமும் செத்தது. மறுநாள் கூட்டத்தில் எழுந்து, நாக்குக் குழறி, "சார், கண்ணு பட்டுடுச்சு" என்றேன். ஆந்தை அன்றுதான் முதல்முறையாக இமைத்தார். அப்புறம் விளக்கிச் சொல்லி, ஒருவர் மட்டும் உள்ளே போய்க் கேட்டு வருவது, மற்றவர்கள் அவரிடம் விசாரித்துக்கொள்வது என்று மாற்றி எழுதினேன். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துத் திரை முன்னால் நின்றோம். கோடு அசையவே இல்லை. தாடிக்காரர் தாடி நனைய அழுதார். அன்றிலிருந்து அங்கே என் பெயர் திருஷ்டி.

அடுத்த வருஷமே நீ வந்து, "இதெல்லாம் ஒரு வேலையா? பேங்க்ல சொல்லி வச்சிருக்கேன், கிளம்பு" என்றாய். கிளம்பினேன். கடைசி நாள் ஆந்தை எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்து, "திருஷ்டி, இன்னைக்கு நீயே பீமை விடும்மா" என்றார். பொத்தானை அழுத்தினேன். பச்சைக்கோடு தயங்கித் தயங்கி எழுந்து, ஏறி, நின்றது. பேங்கில் நல்ல சம்பளம், நாற்காலிக்கு எல்லாச் சக்கரமும் இருந்தது. உன்மேல் வருத்தம் இல்லை. பொய், கொஞ்சம் இருக்கிறது. அங்கேயும் எவ்வளவோ ஏறியது, வட்டி ஏறியது, வாராக்கடன் ஏறியது, என் வயசு ஏறியது. எதைப் பார்த்தும் எனக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை. அந்தப் பம்பு சத்தத்தை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது அண்ணா. அதனால்தான் சொல்கிறேன், சின்னவள் அங்கே போகவே கூடாது. போய்விட்டால் அப்புறம் வேறு எந்த நாற்காலியும் அவளுக்குப் பிடிக்காது.

அண்ணிக்கு என் அன்பு. உன் ரத்த அழுத்தம் இறங்கட்டும். சின்னவளுக்கு நல்ல புத்தியும் நல்ல நாற்காலியும் கிடைக்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்ட தங்கை

பி.கு.: உறையை ஒட்டும் முன், எழுதியது சரிதானா என்று பார்க்க அந்தக் கண்ட்ரோல் ரூமுக்கே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "அந்தப் பச்சைக்கோடு இன்னும் இருக்கிறதா?" என்றேன். "இருக்குங்க. உள்ள ஓர் இடத்துல 'கண்ணு படும், தொடாதே'ன்னு யாரோ எழுதி வச்சிருக்காங்க. ஏன்னு ஒருத்தருக்கும் தெரியல, பயந்துகிட்டு யாரும் தொடறதில்ல" என்றாள். குரல் எங்கேயோ கேட்ட குரல். "ஏய், சின்னவளே!" என்றேன். "ஐயோ அத்தை! நான் சேர்ந்து ஒரு வாரம் ஆச்சு. வெள்ளிக்கிழமைன்னு சொன்னது அப்பா மனசு ஆறட்டும்னுதான். அவர்கிட்ட சொல்லிடாதீங்க அத்தை" என்றாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே இந்தப் பின்குறிப்பை நீ படிக்கவில்லை. சத்தியம் செய்த கையோடு அவளை நன்றாகத் திட்டத்தான் வாயெடுத்தேன். "இருங்க அத்தை, கோடு ஏறுது!" என்று போனை அப்படியே மேசையில் போட்டுவிட்டாள். தூரத்தில் அந்தப் பம்பு சத்தம் கேட்டது. நானும் திட்டுவதை மறந்து, கோடு மேலே போய் நிற்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.