எனக்கு வந்தது சாமி இல்லை

கூட்டத்தில் யாராவது என் பெயரைச் சொன்னாலே எனக்கு வியர்த்துவிடும். அப்படிப்பட்ட நான் ஒரு நண்பகலில், எஸ்டேட்டே கூடி நின்ற இடத்தில், அருள்வாக்கு சொல்லியிருக்கிறேன். சத்தியமாக எனக்குச் சாமி வரவில்லை. வந்தது தலைவலி.

அந்தத் தலைவலியை மூன்று மாதமாக என் மனைவி கமலாவிடம் மறைத்து வைத்திருந்தேன். என் அண்ணன் ஒரு நாள் தலை வலிக்கிறது என்று படுத்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. எனக்கும் மூளையில் ஏதோ வளர்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கிளினிக்குக்குப் போனால் அது உறுதியாகிவிடுமே. (போகாமல் இருந்தால் கட்டி தானாகக் கரைந்துவிடும் என்ற நினைப்பு.) அதனால் தினமும் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு வலி மாத்திரை. வலியோ குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனது.

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் கோயிலில் ஆடித் திருவிழா. விரதம் என்று காலையில் கோப்பிகூடக் குடிக்கவில்லை. வெயிலில் நின்று மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று எதிரே நின்ற கமலாவின் முகத்தில் பாதியைக் காணோம். காணாமல் போன இடத்தில் ரம்பத்தின் பல்லைப் போல ஒரு வெளிச்சக் கோடு மின்னி மின்னி வளர்ந்தது.

அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சாகும்போதும் வெட்கம். கொஞ்ச நேரத்தில் வலது நெற்றிப்பொட்டில் வலி இடிக்கத் தொடங்கியது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஆடினேன்.

"அண்ணனுக்குச் சாமி வந்துருச்சுலா!" என்றது ஒரு குரல்.

உறுமி மேளக்காரர்கள் என்னைச் சுற்றி வளைத்தார்கள். மூக்குக்கு நேரே சாம்பிராணி. கையில் வேப்பிலையைத் திணித்தார்கள்.

"சத்தத்த நிறுத்துங்க" என்று முனகினேன்.

"ஆத்தாளுக்குக் கோவம். இன்னும் ஓங்கி அடிங்கடா" என்றார் கோயில் தலைவர்.

கண் திறந்தால் வெளிச்சம் குத்தியது. மூடினால் செத்துப்போன என் அண்ணன் முகம் தெரிந்தது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் கற்பூரம் காட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் எஸ்டேட்டுக்காரர் பெருமாள் என் காலடியில் விழுந்தார். மனைவியிடம் கோபித்துக்கொண்டு ஒரு வருடமாக ரவாங்கில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்.

"தாயே, நான் என்னா செய்யணும்? சொல்லு."

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "வீட்டுக்குப் போ" என்றேன். (எல்லோரையும் பார்த்துத்தான் சொன்னேன்.) அடுத்த நொடி அவர் முதுகிலேயே வாந்தி எடுத்தேன். நல்ல வேளை, யாரும் அதைத் தீர்த்தம் என்று சொல்லவில்லை.

குனிந்தபோது என் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டைகள் கொட்டின. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த கமலா அவற்றைப் பொறுக்கினாள்.

"சாமி எதுக்கு இத்தன மாத்திர வச்சிருக்கு?"

உறுமி அப்போதுதான் நின்றது.

கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் என்னைச் சிரிக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், நேராக நடக்கச் சொன்னார். கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"அங்கிள், இது ஒற்றைத் தலைவலி. கட்டிக்கான அறிகுறி ஒண்ணும் தெரியல. பசி, வெயில், புகை, சத்தம் எல்லாம் சேர்ந்து கிளப்பிவிட்டிருக்கு. தினமும் மாத்திர போட்டா அந்த மாத்திரயே தலவலியக் கொண்டு வரும், தெரியுமா?"

தெரியாது. வலி வரும் நாளையும் அதற்கு முன் சாப்பிட்டது, தூங்கியது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். "திடீர்னு தாங்க முடியாம வலிச்சா, கை கால் விளங்காம போனா, பேச்சுக் குழறினா உடனே வாங்க. ஒளிச்சு வைக்காதீங்க."

வெளியே வந்ததும் கமலா அழுதாள். அதுவரை நான் மட்டும்தான் பயந்தேன் என்று நினைத்திருந்தேன்.

அந்த வெளிச்சக் கோடு இப்போதும் எப்போதாவது வரும். வரும்போது பயம்தான். ஆனால் உடனே சொல்லிவிடுகிறேன். கமலா ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "பிள்ளைங்களா, சத்தம் போடாதீங்க, அப்பாவுக்குச் சாமி வந்திருக்கு" என்பாள்.

பெருமாள் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டார். ஒவ்வோர் ஆடியிலும் மனைவியோடு வந்து, எலுமிச்சம்பழத்தை நீட்டியபடி என் முன்னால் நிற்கிறார். நான் கமலாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறேன்.

"போங்கண்ணே" என்கிறாள் அவள். "சாமி இன்னிக்குக் கோப்பி குடிச்சாச்சு. ஒண்ணும் சொல்லாது."