ஒளிக்கு ஷட்டர் போட்ட மாப்பிள்ளைக்கு

என் மகளுக்கு வாய்த்த மகா புத்திசாலிக்கு, ஷட்டர் வியாபாரி மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் மனசாட்சியைத் தவிர. நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

இன்று காலை உங்கள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். பென்சில் கரியிலிருந்து ஓர் அணு கனத்துக்கு உரித்த தாளாம், கிராஃபீனாம்; அதில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒளியை விழுங்குமாம், விடுமாம்; அப்படியே கேபிளில் செய்தி பறக்குமாம். நாற்பது வருஷமாக நான் விற்ற ஷட்டர்களில் ஒன்றாவது முதல் இழுப்பில் ஏறியதில்லை. உங்களுடையது ஒரு நொடியில் ஆயிரம் கோடி தடவை திறந்து மூடுகிறது, கிறீச்சென்று ஒரு சத்தம் இல்லை! "எண்ணெய் போடணுமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "தொடாம இருந்தாலே போதும் மாமா"ன்னு சொன்னீங்க. அங்கதான் வினை.

நீங்க போன் பேச வெளியே போனதும் பார்க்கிறேன், மேசைமேல ஒரு கண்ணாடித் தகடு, மங்கலா ஏதோ படிஞ்சிருக்கு. நாளைக்கு கம்பெனிக்காரங்க பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் உங்க அஞ்சு வருஷ உழைப்பு தொழிற்சாலைக்குப் போகும்னு சொல்லியிருந்தீங்களா, தூசியோட சரக்கைக் காட்டினா எவன் வாங்குவான், கடை திறந்ததும் துடைச்சுப் பழகின கை, கைக்குட்டையை எடுத்து ஊதி ஊதித் துடைச்சுப் பளபளன்னு வெச்சுட்டேன். திரும்பி வந்தீங்க, மேசையை ஒரே பார்வை, "போச்சே!"ன்னு தலையில கை வெச்சீங்க. கண்ணுக்கே தெரியாத பொருள் காணாமப் போனதை வெறுங்கண்ணால கண்டுபிடிச்சீங்களே, என்ன கண்ணு அது! நான் கடைக்கு நேரமாச்சுன்னு நழுவிட்டேன். மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை. நாளைக்கு அவங்க முன்னாடி நானே நின்னு, "குத்தம் என்னோடது, சரக்கு சொக்கத் தங்கம்"னு சொல்றேன்.

உங்கள் கண்ணும் கையும் நூறாண்டு கூர்மையாக இருக்கட்டும்.

தலைகுனிவுடன்,
மாமா

பி.கு.: மகளிடம் போனில் படித்துக் காட்டினேன். "நீங்க துடைச்சது கழிச்சுப்போட்ட தகடுப்பா. நல்லது ஒரு சின்ன டப்பாவுல இருந்துதாம், காலையிலேருந்து அதைத்தான் தேடிட்டிருக்கார்" என்கிறாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வேறு குற்றத்துக்கு மாற்றிக்கொள்ளவும். மூடி இறுக்கமாக இருக்கிறதே, மாத்திரை வைக்க ஆகுமே என்று, துடைத்த கையோடு மேசையில் சும்மா கிடந்த டப்பா ஒன்றை வெறும் டப்பா என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். கடை டிரைவரிடம் இத்துடன் கொடுத்தனுப்புகிறேன். திறக்கவில்லை, ஊதவில்லை, துடைக்கவில்லை. வழியெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.