நல்லுசாமி நடக்காத தூரம்

ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டில் ஒன்று வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். டிரெட்மில்லா, சைக்கிளா என்பதுதான் கேள்வி.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த அந்த மாடிப் போர்ஷனில் ஹால் என்று ஒன்று இருப்பதே வீட்டுக்காரரின் பேச்சை நம்பினால்தான். அதில் ஒரு சோபா, ஒரு டி.வி., ஒரு நல்லுசாமி. மூன்றுக்குமே இடம் பற்றாது. இப்போது நடுவில் இரண்டு இயந்திரங்கள் வேறு, பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்துவிட்ட மாதிரி, ஒன்றையொன்று பார்க்காமல் நின்றுகொண்டிருந்தன.

எல்லாம் கம்பெனி டாக்டர் மோகனப்ரியா செய்த வேலை.

"இந்த பி.பி.யோட உங்களை பிரஸ் ஷாப்ல நிக்க விடறதே தப்பு. வருஷாந்திர செக்கப் வருது. அதுக்குள்ள எடையும் பி.பி.யும் இறங்கலைன்னா அன்ஃபிட்னு எழுதிடுவேன். அதுக்கப்புறம் நீங்க கேட் பக்கம் வண்டி நம்பர் எழுதிக்கிட்டு உக்காரலாம்."

உட்காரலாம் என்ற வார்த்தை நல்லுசாமிக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் இன்சார்ஜ் என்பது அவர் சாத்தூரிலிருந்து பெட்டியோடு வந்து, கால் கடுக்க நின்று வாங்கிய பதவி. காலையில் அவருடைய வயிறு முதலில் கேட்டுக்குள் நுழைந்து கார்டு பஞ்ச் அடிக்கும், பிறகு அவர் வருவார் என்று பையன்கள் பின்னால் சொல்வது அவருக்கும் தெரியும். அதற்காக இன்சார்ஜை விட்டுவிட முடியுமா?

மனைவி வீரலட்சுமிக்குப் பதவியைப் பற்றி அக்கறை இல்லை. அவள் பயம் வேறு. அவர் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். ஒருமுறை அவர் விழித்துக்கொண்டு, "என்ன வீரா?" என்றதற்கு, "கொசு" என்றாள்.

அவள்தான் அவரைக் கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்காரன் சுபாஷ் பெங்களூரிலிருந்து சரக்கு இறக்கி விற்பவன்.

"சார், சைக்கிள்னா முட்டிக்கு நல்லது. டிரெட்மில்னா வயித்துக்கு நல்லது. உங்களுக்கு எது முக்கியம், நீங்களே பாருங்க." அவன் கண் வயிற்றின் மேலேயே இருந்தது. "ஆனா கரண்டுல ஓடற டிரெட்மில் வேணாம் சார். நம்ம ஊரு பவர் கட்டுல நடுவுல நின்னுச்சின்னா மூக்கு போயிடும். இது மேனுவல். மோட்டாரே கிடையாது. நீங்க நடந்தாத்தான் பெல்ட் உருளும். நின்னா நின்னுடும். மீட்டருக்கு மட்டும் ஒரு சின்ன பேட்டரி."

"உட்கார்ந்து செய்யற மாதிரி?"

"அதான் சைக்கிள் சார்."

"சைக்கிளே நல்லா இருக்கு."

"உட்கார்றதுக்கு இவுக கத்துக்க வேண்டியதே இல்ல தம்பி," என்றாள் வீரலட்சுமி. "நடக்கத்தான் வைக்கணும்."

கடைக்குள்ளேயே சண்டை வந்துவிடும் போல இருந்ததால், சுபாஷ் இரண்டையும் ஏற்றி அனுப்பிவிட்டான். ஞாயிறு வரைக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டியது, வேண்டாததை அவன் வந்து எடுத்துக்கொள்வான். எதில் மீட்டர் அதிகம் ஓடியிருக்கிறதோ அது வீட்டில் தங்கும் என்று வீரலட்சுமி தீர்ப்புச் சொன்னாள்.

அந்த வாரம் நல்லுசாமிக்கு சி ஷிப்ட், ராத்திரி வேலை. அவர் காலையில் வீட்டுக்குள் நுழைய, ஜெனரல் ஷிப்டுக்கு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போகிற வீரலட்சுமி வெளியே வருவாள். புருஷன் பெண்டாட்டி சந்திப்பு வாசற்படியில்தான்.

"தூங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நடங்க."

"நடக்கிறேன், நடக்கிறேன்."

சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்தார். பெடலில் காலை வைத்து, தினசரியைப் பிரித்தார். தலையங்கம் வரைக்கும் கால் அசையவில்லை. சைக்கிள் ரொம்ப வசதியாகத்தான் இருந்தது. பிறகு ஜன்னலில் பழைய பேப்பர் ஒட்டி இருட்டாக்கிய அறைக்குள் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தார்.

சாயங்காலம் வீரலட்சுமியின் குரல்தான் எழுப்பியது.

"என்னங்க! நெசமாவே நடந்திருக்கீக!"

கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். டிரெட்மில் மீட்டரில் தூரம் ஏறியிருந்தது. கொஞ்ச நஞ்சமில்லை, வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்பி வந்த தூரம்.

புது மீட்டர், ஏதோ கோளாறு என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் வீரலட்சுமியின் கண் கலங்கியிருந்தது. கோளாறு என்று சொல்ல அது சரியான நேரம் இல்லை.

"நீ சொல்லி நான் நடக்காம இருப்பேனா?" என்றார்.

அன்றைக்கு மாலை டிபனுக்கு வடை கிடைத்தது.

மறுநாள் இன்னும் அதிகம் ஏறியிருந்தது. அதற்கு மறுநாள் அதைவிட. தான் நடக்காத தூரத்துக்குத் தினமும் பாராட்டு வாங்குவது முதலில் இனித்தது. அடுத்து முதுகுத்தண்டில் ஏதோ ஊர ஆரம்பித்தது.

அந்த ஊரல் வலுத்தது புதன்கிழமை மத்தியானம். பாதித் தூக்கத்தில் ஹாலிலிருந்து சத்தம் கேட்டது. சர்ரு... சர்ரு... பெல்ட் உருளும் சத்தம். நடுநடுவே ஒரு மூச்சு. குண்டான ஆள் ஒருவன் வாயால் விடும் மூச்சு. எழுந்து பார்க்க நினைத்தார். கை கால் அசையவில்லை. கூப்பிட நினைத்தார். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றது. ஈரக்கால் பதிவது போல மெல்ல மெல்ல யாரோ அறைப் பக்கம் வருவது கேட்டது. அப்புறம் ஒன்றும் நினைவில்லை.

எழுந்ததும் டிரெட்மில்லை மடக்கிச் சுவரில் சாத்தி, கயிறு போட்டு ஜன்னல் கம்பியோடு கட்டினார். பிரஸ் ஷாப்பில் அச்சைக் கட்டுகிற முடிச்சு.

வியாழன் மாலை கயிறு அழகாகச் சுற்றி சோபா மேல் வைக்கப்பட்டிருந்தது. டிரெட்மில் விரிந்து கிடந்தது. கைப்பிடியைத் தொட்டார். பிசுபிசுவென்று வியர்வை. இன்னும் சூடு ஆறவில்லை. உடனே சுபாஷை வரவழைத்தார்.

"சுபாஷ், இதை உடனே எடுத்துட்டுப் போயிடு. சைக்கிள்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."

"ஏன் சார், மீட்டர் நல்லா ஓடியிருக்கே?"

"அதுதான்ப்பா பிரச்சினை."

வீரலட்சுமிக்குக் கோபம். "இம்புட்டு தூரம் நடந்துட்டு, இப்ப ஏன் வேண்டாங்கிறீக?"

"முட்டி வலிக்குது வீரா." பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல்லி முடித்ததும் தெரிந்தது, நிஜமாகவே முட்டி வலித்தது. கெண்டைக்கால் கல்லாக இருந்தது. இடுப்பு பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தது. நடக்காதவன் மெலிந்துகொண்டிருந்தான்.

டிரெட்மில் கடைக்குத் திரும்பிப் போயிற்று. வெள்ளிக்கிழமை சைக்கிளின் மீட்டர் ஓடியிருந்தது. ஓசூரிலிருந்து சூளகிரி வரைக்கும் போய்விட்ட தூரம். சீட் அவர் உயரத்துக்குச் சரியாக ஏற்றப்பட்டிருந்தது. அவர் அதை இதுவரை ஏற்றியதே இல்லை.

இனி மறைக்க முடியவில்லை.

"வீரா, நான் ஒரு நாள்கூட நடக்கல. மிதிக்கல. பேப்பர்தான் படிச்சேன்."

"அப்ப அந்த வடை?"

"வடையை விடு. நம்ம வீட்ல யாரோ இருக்காங்க."

அவள் எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி சைக்கிளின் இரண்டு பக்கமும் வைத்தாள். மிளகாயைச் சுற்றிப் போட்டாள். அதில் வந்த நெடியில் இருவரும் இருமிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்க வேண்டியதாயிற்று. கீழ் வீட்டுக்காரர், "பிரியாணியா?" என்று கேட்டார்.

கடைசியில் நல்லுசாமிக்குள் இருந்த பிரஸ் ஷாப் ஆள் விழித்தான். ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால் பவுடர் தூவிப் பார்ப்பார்கள். சனிக்கிழமை காலை, படுப்பதற்கு முன் சைக்கிளைச் சுற்றிக் கோலமாவைத் தூவினார்.

மாலையில் கணவனும் மனைவியும் சேர்ந்து குனிந்து பார்த்தார்கள். மாவில் வெறுங்கால் தடம். பெரிய பாதம். சைக்கிளிலிருந்து கிளம்பி, ஹாலைத் தாண்டி, அறைக்குள் போய், கட்டிலுக்குக் கீழே முடிந்திருந்தது.

வீரலட்சுமி அவருடைய காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் மோகனப்ரியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இது தூக்கத்துல நடக்கற வியாதி. ஷிப்ட் மாறி மாறித் தூங்கறவங்களுக்கு வரலாம். மனசுல நடக்கணும், நடக்கணும்னு ஓடிக்கிட்டே இருந்திருக்கு. விழிச்சிருக்கறப்ப உங்க சோம்பேறித்தனம் விடல. தூங்கினதும் உடம்பு அதுபாட்டுக்கு எந்திரிச்சுப் போயிடுச்சு."

"ஆனா டாக்டர், படுத்துக்கிட்டே சத்தத்தைக் கேட்டேனே?"

"கனவு. மெஷின் மேல நின்னுக்கிட்டே படுத்திருக்கற மாதிரி கனவு கண்டிருப்பீங்க. நீங்க அப்படித்தான் கனவு காண்பீங்க." பி.பி. பட்டையை அவிழ்த்தார். "இறங்கியிருக்கு. எடையும் இறங்கியிருக்கு. ஃபிட்."

வீரலட்சுமி அந்த அறையிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் டி.வி.எஸ். பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "பேயி, பிசாசுன்னு என்ன பாடு! எம்புருசனுக்கு எம்புருசனே பேயி!"

நல்லுசாமிக்கும் வெட்கமும் சிரிப்புமாக இருந்தது. உலகத்திலேயே கஷ்டப்படாமல் இளைத்த ஒரே ஆள் தான்தான் என்று மார்தட்டிக்கொண்டார். டிரெட்மில்லையும் திரும்பக் கொண்டு வரச் சொல்லி சுபாஷுக்கு போன் போட்டார். தூங்குகிறவனுக்கு எது பிடிக்கிறதோ, அதை அவனே எடுத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் மாதம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தொரப்பள்ளியிலிருந்து வருகிறவள். தினமும் முன்பகலில் சாவி போட்டுத் திறந்து, பாத்திரத்தை மட்டும் துலக்கி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவாள். அவளை இவர்கள் பார்ப்பதே அபூர்வம். வீரலட்சுமி நடந்ததையெல்லாம் அவளிடமும் சொல்லிச் சிரித்தாள்.

மாதம்மாள் கையை நிறுத்தினாள். "அப்ப ஹால்ல நடக்கறது இந்த சாருதானாங்கம்மா?"

"நீ பாத்திருக்கியா?"

"தெனம் பாக்கறேனே. கண்ணத் தொறந்துக்கினுதான் நடப்பாரு, ஆனா நம்மளப் பாக்கமாட்டாரு."

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க இந்தப் பாடு பட்டிருக்க மாட்டோமே!"

"சிப்ட்டு வீடு, தூங்கற ஆளு இருக்காரு, வாயே தொறக்காதேன்னு மொத நாளே சொன்னீங்களே. ஓசூர்ல பாதி வூட்ல ரூமுக்கு ரெண்டு பேரு மாத்தி மாத்தித் தங்கறாங்க. நானும் அப்டித்தான்னு இருந்துட்டேன்."

நல்லுசாமி சத்தமாகச் சிரித்தார். வீரலட்சுமியும் சிரித்தாள். மாதம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"அதில்லீங்கம்மா... இவரு இங்க நடந்துக்கினு இருக்கறப்ப, உள்ள கட்டில்ல போத்திக்கினு படுத்திருக்காரே, அவரு யாரு?"