ஹவாய் அண்ணையும் எங்கள் பாட்டுக் குழுவும்

ஹவாய்த் தீவை ஹவாய்க்காரரைவிட அதிகமாக நம்பும் மனிதர் ரொறன்ரோவில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் பிறந்தது யாழ்ப்பாணத்து இளவாலையில். ஹவாய் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். மோர்னிங்சைட் வட்டாரத்தில் எங்கள் எல்லோருக்கும் அவர் ஹவாய் அண்ணை. சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு ஞாபகம் இருக்கலாம்.

மைனஸ் இருபதிலும் கோட்டுக்குள்ளே செவ்வரத்தம்பூச் சட்டைதான். பஸ்ஸில் அவர் கோட்டைக் கழற்றினால் பக்கத்து சீற்காரருக்கு வியர்க்கும்.

எல்லாம் மிசிசாகாவில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கிடங்கில் தொடங்கியது. ஒருநாள் மதியச் சாப்பாட்டைத் திறந்து அண்ணை சிலுவை போட்டார். எதிர் மேசையில் கலானி என்ற மலைபோன்ற மனிதர் கண்மூடிச் செபித்துக்கொண்டிருந்தார். கனடாக்காரியைக் கட்டிக்கொண்டு ஹவாயிலிருந்து வந்தவர். அந்த அறையில் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டது இவர்கள் இரண்டு பேர்தான். அண்ணை இடியப்பத்தில் பாதியைக் கொடுத்தார். கலானி உகுலேலேயைக் கையில் கொடுத்தார். கிட்டார் குட்டி போட்டதுபோல நாலு நரம்பு வாத்தியம். பனி கரைவதற்குள் அண்ணைக்கு ஹவாய்த் தேவபாட்டுகள் வந்தன, கலானிக்குச் சம்பல் அரைக்க வந்தது.

பிறகு அண்ணை, கலானியையும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக் குழு சேர்த்தார். மாதா கோயில் பாடகர் குழுவின் பெரிய குரலான செல்வி அன்ரி, ஹவாய்ச் சொற்கள் எல்லாம் உயிரெழுத்தில் முடிவதால் பாட வசதி என்று அன்றைக்கே சேர்ந்தார். அண்ணை வாசிக்கலாம், வாய் திறக்கக்கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. அடுத்ததாக அண்ணையின் கண் என் மிருதங்கத்தில் விழுந்தது.

"அண்ணை, நான் சைவம். உது வேதக்காரரின்ரை பாட்டெல்லோ?" என்றேன்.

"நீர் வந்து அடியும். மிச்சத்தைச் சாமிமார் தங்களுக்குள்ள கதைச்சு முடிப்பினம்."

சாமிமார் முடித்தார்களோ தெரியாது. நான் சனிக்கிழமைதோறும் கோயில் பேஸ்மென்றில் இருந்தேன்.

போன குளிர்காலத்தில் ஹவாயில் கலானியின் அம்மா இறந்துபோனார். தன் அடக்கத்தில் மகன் ஒரு தேவபாட்டுப் பாடவேண்டும் என்பது அவர் ஆசை. கலானி விமான நிலையம் போய்ச் சேரப் பனிப்புயலும் வந்து சேர்ந்தது. விமானங்கள் முதல்நாளும் பறக்கவில்லை, அடக்கத்தன்றும் பறக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பவும் மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணை எனக்குப் போன் எடுத்தார். "வெளிக்கிடும். பூச்சட்டையைப் போடும்."

"எங்கை அண்ணை?"

"செத்த வீட்டுக்கு."

401 நெடுஞ்சாலையில் பனியைத் தள்ளும் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து, பூச்சட்டைகளோடு அண்ணையும் அன்ரியும் நானும் விமான நிலையத்தில் போய் இறங்கியபோது கலானி எங்களைப் பார்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அண்ணை சூட்கேசின்மேல் போனை நிறுத்தினார். வீடியோ அழைப்பில், அடக்கம் நடக்கிற ஹவாய்க் கோயில் திரையில் தெரிந்தது. காவல் அதிகாரி ஒருவர் வந்து, நாங்கள் எந்தச் சபை என்று கேட்டார். அண்ணை என் திருநீற்றையும் அன்ரியின் செபமாலையையும் காட்டி, எல்லாச் சபையும் என்றார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார்.

கலானி தொடங்கினார். இரண்டாவது அடியில் குரல் அடைத்துக்கொண்டது. அன்ரிக்கும் கண்ணீர் முட்டி, பாட்டு நின்றுவிட்டது. அங்கே கோயில் முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்ரி அண்ணையைத் திரும்பிப் பார்த்தார். "பாடுங்கோ அண்ணை."

அண்ணை பாடினார். பின்னுக்கு வரும் ஃபோர்க்லிஃப்ட் போடுகிற சத்தம்தான் அந்தக் குரல். ஆனால் வாய் திறக்க விடாத இத்தனை நாளில் மனுசன் பாட்டு முழுவதையும் நெஞ்சுக்குள் வைத்திருந்தார். ஒரு சொல் தப்பவில்லை. திரையில் முன்வரிசைக் கிழவர் ஒருவர் சேர்ந்து பாடினார், பிறகு கோயிலே பாடியது. கடைசி அடிக்குக் கலானியின் குரல் திரும்பி வந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று சொல்லி, அண்ணையைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது எங்களைக் கல்யாணத்துக்கும் கூப்பிடுகிறார்கள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் கூப்பிடுகிறார்கள். அண்ணைக்குத் தாளம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் ஒரே இடத்தில் அரை மாத்திரை முந்திவிடுவார். நாங்கள் திருத்துவதில்லை. அந்த இடம் வந்ததும் நாங்கள் மூன்று பேரும் அவரோடு சேர்ந்து முந்திக்கொள்கிறோம்.