தண்ணீருக்குப் பயப்படாத போர்மேன்

நெருப்பென்றால் நடுங்குவார்கள், தண்ணீரை மட்டும் ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டார்கள். இப்படி ஒரு ரகம் நம் சிவகாசிப் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது உண்டு. பார்த்திருப்பீர்கள், ஏன், அவர்கள் வீட்டில் வழுக்கியே விழுந்திருப்பீர்கள்.

விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கும் ஊர்க்காவலனை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் தீயணைக்கத் தொங்கும் மண் வாளியில் ஒரு கை மண் குறைந்தால் போதும், அன்றைக்கு அத்தனை பேருக்கும் அர்ச்சனைதான். அதே மனிதர் வீட்டில்? போன வருஷத் தீபாவளி போனஸில் வாங்கிய வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் போகும் டியூப் தை மாதத்திலிருந்து குழாயடியில் கசிகிறது. அவரும் பழைய சைக்கிள் டியூபைக் கீறி, கசியக் கசியச் சுற்றி, சுற்றச் சுற்றக் கசிந்து, கடைசியில் அந்த இடம் கைப்பிள்ளையின் தொடை மாதிரி பருத்துவிட்டது.

"மெக்கானிக்கக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி வள்ளித்தாய்.

"ஏளா, தண்ணிதானே? காஞ்சிரும்."

"அப்பன்னா குழாயையாவது அடைச்சு வைங்க."

அடைப்பதா! எட்டு நாளைக்கொரு தடவை, அதுவும் சொல்லாமல் வருகிற தெருத் தண்ணீர். அது வரும்போது ஒரு குழாய்கூட மூடியிருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. மெஷின் குழாய்க்கும் அதே சட்டம்.

பத்து வருஷமாக அடுத்தவர் பேரில் வந்த வேலைக்குப் பசை தடவிய வள்ளித்தாய்க்கு, இந்தக் கார்த்திகையில்தான் தன் பேரிலேயே முதல் ஆர்டர் கிடைத்திருந்தது: முந்நூறு தினசரி காலண்டர். திங்கட்கிழமை சொன்னபடி கொடுத்துவிட்டால் வருஷா வருஷம் அவளுக்கேதான் என்று அச்சகத்துக்காரர் சொல்லியிருந்தார். தேதித்தாளை அடுக்கி, தைத்து, அட்டையில் ஒட்டி, தரையில் அடுக்கடுக்காக வைத்திருந்தாள்.

"இதக் கட்டில் மேல தூக்கி வச்சுட்டுப் போவமா?" என்றாள் ஞாயிற்றுக்கிழமை காலையில்.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, கெளம்புளா!"

வெம்பக்கோட்டையில் அவர்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த நேரம் பார்த்துத் தெருவில் தண்ணீர் வந்தது. வந்த வேகத்தில் டியூபைப் பிடுங்கி எறிந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் கணுக்கால் அளவு வெள்ளம். கீழ் அடுக்கு உப்பிச் சரிந்து, மேல் அடுக்கையும் தண்ணீருக்குள் தள்ளியிருந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை.

ஊர்க்காவலன் வாயைத் திறந்தார்.

"சொல்லுங்க, காஞ்சிரும்னு சொல்லுங்க," என்றாள் அவள். "சித்திரையும் வைகாசியும் ஒட்டிக்கிட்டே காயும். அதுல எந்த நாளக் கிழிப்பீக?" அதற்குமேல் பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பாவம், மனிதர் கொடி கட்டி ஒரு முழு வருஷத்தையும் காயப் போட்டுப் பார்த்தார். திங்கட்கிழமை ஆர்டர் வேறொருத்தி வீட்டுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை வந்த மெக்கானிக், சுண்டுவிரல் மோதிரம் போல ஒரு வாஷரை மாற்றிவிட்டு, காபி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டான்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் ஃபிரிட்ஜுக்கு அடியில் மடித்துப் போட்டிருக்கிறீர்களே ஒரு கோணிச் சாக்கு, அது எத்தனை மாதமாக ஈரமாகக் கிடக்கிறது? பாருங்கள், கேட்ட பிறகும் எழுந்து போகவில்லை. இன்னும் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.